கட்டையில் வைத்ததும் மெஷின் திணறுகிறதா? கிளட்சைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

“கிளட்ச் போயிருச்சுண்ணே, மாத்திக் குடுத்துருங்க.” செயின் சாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். சரி என்று வாங்கி வைத்துக்கொள்வேன். ஆனால் முதலில் பார்ப்பது கிளட்சை அல்ல, செயினில் உள்ள பல்லை. புளி, கருவேலம், உசிலை என்று கெட்டி மரம் அறுக்கிற மெஷினில் கிளட்ச் தானாகக் கெடுவது குறைவு. வேறு ஏதோ ஒன்று இன்ஜினின் வேகத்தைக் கீழே இழுக்கும். இறங்கிய வேகத்தில் கிளட்சுக்குப் பிடிமானம் போதாது. வழுக்கும், வழுக்கினால் தீயும். இழுத்தது எது என்று பார்க்காமல் புதுக் கிளட்ச் போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும், காசுதான் தண்டம்.

எங்கள் புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகுதான் இந்த மெஷின் இத்தனை கைகளுக்கு வந்தது. சாய்ந்து கிடந்த தென்னையையும் மாவையும் பலாவையும் அப்புறப்படுத்த அவசரத்துக்கு வாங்கினார்கள். என்னிடம் வருவதில் அதிகம் 58 சிசி சீன மெஷின், 22 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு). பச்சை மரத்தில் அது குறையில்லாமல் ஓடியது. இப்போது அதே மெஷினைக் காய்ந்துபோன புளியந்தூரில் வைக்கிறார்கள். வைரம் பாய்ந்த புளி வேறு கணக்கு. பச்சை மரத்தில் மறைந்து கிடந்த குறை எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும்.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். உள்ளே ரெண்டு அல்லது மூணு ஷூ, அதாவது பிடிக்கிற கட்டைகள், இருக்கும். ஸ்பிரிங் அவற்றை உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கும். இன்ஜின் வேகம் கூடக் கூட, திருவிழா ராட்டினத்தில் தொங்கும் நாற்காலிகள் வெளியே விரிகிற மாதிரி ஷூக்கள் விரிந்து, தங்களைச் சுற்றி இருக்கும் டிரம்மின் உள்சுவரைக் கவ்வும். டிரம்மோடு இருக்கும் பல்சக்கரம்தான் செயினை இழுக்கிறது. ஸ்லோவில், அதாவது ரேஸ் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று சுற்றும். 3,500 முதல் 4,500 சுற்றுக்குள் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும். அறுக்கும்போது 8,000, 9,000 என்று நிற்க வேண்டும். விரியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது, அதாவது வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். அந்தக் கால்வாசியிலும் ஸ்பிரிங்கை வெல்வதற்கு ஒரு பங்கு போக, மிச்சம்தான் டிரம்மைப் பிடிக்கிறது. 9,000 சுற்றில் உறுதியாகப் பிடிக்கிற கிளட்ச் 5,000 சுற்றில் வழுக்கினால் அது பழுதே இல்லை.

காதால் பிரித்துப் பாருங்கள்

திணறலும் வழுக்கலும் வேறு வேறு. கட்டையில் வைத்து அறுக்கும்போது சத்தம் இறங்க, செயினும் அதோடு சேர்ந்து மெதுவானால் அது திணறல். கிளட்ச் பிடித்துத்தான் இருக்கிறது, இன்ஜினால் இழுக்க முடியவில்லை. சத்தம் இறங்காமல் முழு ரேஸில் கத்திக்கொண்டே இருக்க, செயின் மட்டும் நின்றால் அது வழுக்கல். அப்போது பக்கவாட்டுக் கவரிலிருந்து தீய்ந்த வாடை வரும், சில சமயம் லேசாகப் புகையும் வரும்.

ஆனால் பட்டறைக்கு வருவதில் அதிகம் மூன்றாவது வகை. முதலில் சத்தம் இறங்கும். பாதி வேகத்துக்கு வந்ததும் செயின் நிற்கும். இன்ஜின் மட்டும் அந்தத் தாழ்ந்த குரலிலேயே உறுமிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது நின்ற செயின் மட்டும்தான், அதனால் கிளட்ச் என்கிறார். நடந்த வரிசையைக் கவனித்தால் திணறல் முந்தி, வழுக்கல் பிந்தி.

சந்தேகம் என்றால் அதே மெஷினை மணிக்கட்டுத் தடிமன் உள்ள பச்சை வேப்பங்கிளையில் வைத்துப் பாருங்கள். அதிலும் இன்ஜின் கத்த, செயின் நின்றால் கிளட்ச்சேதான். அங்கே சும்மா சீவிக்கொண்டு போய், புளியில் மட்டும் நின்றால் கீழே சொல்கிற வரிசையில் வாருங்கள்.

செயின்

நூறு ரூபாய்ச் சாமானில் முடிகிற வேலையை ஆயிரக்கணக்கில் இழுத்துவிடுவது இங்கேதான் நடக்கிறது.

செயினை வெயிலில் வைத்து, பல்லின் முனையை நேராகப் பாருங்கள். கூராக இருக்கும் விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, வெறும் கோடாகத்தான் தெரியும். மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு பளிச்சென்று மின்னும். அந்த மின்னல் மேல்தட்டும் பக்கச்சுவரும் சேருகிற மூலையில் இருந்தால் பல் வேலை செய்யாது, ஏனென்றால் மரத்தை அறுப்பதே அந்த மூலைதான். மின்னுகிற இடம் மறையும்வரை அரம் போட வேண்டும். ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மூலை அப்படியேதான் இருக்கும்.

58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச் செயின் வரும். பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில். அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். சின்ன மெஷின்களில் வரும் சன்னமான 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், பெரிய மெஷினின் 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5. அரத்தின் அளவு மாறினால் என்னதான் தேய்த்தாலும் பல் முனையில் கொக்கி மாதிரி வளைவு வராது, இல்லை மேல்தட்டு பறந்துவிடும். கோணம் 30 டிகிரி என்று பல்லின் மேலேயே கோடு போட்டிருப்பார்கள். கெட்டி மரத்துக்கு 25 டிகிரி வைத்தால் முனை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எல்லாப் பல்லையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்றால் வெட்டு வளைந்துபோய், பார் உள்ளேயே நெருக்கும். அந்த நெருக்கலிலும் இன்ஜின் திணறும்.

அடுத்து, பல்லுக்கு முன்னால் இருக்கும் திமில். டெப்த் கேஜ் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது இது. பல் முனையைவிட இது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், காய்ந்த கெட்டி மரத்துக்கு 0.5 போதும். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது: “நல்லா கடிக்கணும்ல” என்று திமிலைத் தட்டை அரத்தால் கண்மதிப்பில் ராவிவிடுவார்கள். முருங்கையிலும் இலவத்திலும் அந்தச் செயின் பறக்கும். புளியில் வைத்தால் ஒவ்வொரு பல்லும் தன் சக்திக்கு மீறிக் கடித்து, உதறி, இன்ஜினை அப்படியே அமுக்கும். கையைத் தூக்கி அடிக்கும் ஆபத்தும் அதில் அதிகம். திமிலை ஏற்கெனவே ராவிவிட்டீர்கள் என்றால் பல்லைப் பின்னோக்கி அரம் போட்டுத்தான் அளவைத் திரும்பக் கொண்டுவர முடியும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் செயினை மாற்றுவதே மேல். அளவு பார்க்கும் தகடு விலை குறைவுதான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூளையும் பாருங்கள். பச்சை மரத்தில் நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கினது பொடியாகக் கொட்டும். காய்ந்த புளியில் நல்ல செயினும் சற்றுப் பொடியாகத்தான் தள்ளும், அதனால் அங்கே தூளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாமே அமுக்கினால்தான் இறங்குகிறது என்றால் மழுங்கியிருக்கிறது. மெஷினின் எடையிலேயே இறங்க வேண்டும்.

கடையில் சதுர மூலை, உருண்டை மூலை என்று ரெண்டு வகைப் பல் கிடைக்கும். சதுர மூலை வேகம் கொடுக்கும், ஆனால் மண் பட்டாலோ கெட்டிக் கட்டையிலோ சீக்கிரம் போய்விடும். விறகுக் கட்டைக்கும் தூருக்கும் உருண்டை மூலைதான். ரோட்டோரப் புளிய மரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி உள்ளே இருக்கும். பட்டை அதை மூடி வளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கட்டையின் வெட்டு முகத்தில் நீலங்கருப்பாகக் கறை ஓடியிருந்தால் அந்தப் பக்கம் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், தள்ளி அறுங்கள்.

கையால் செயினைச் சுற்றிப் பாருங்கள்

மெஷினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, செயின் பிரேக்கை விடுவித்து, கையுறை போட்டுக்கொண்டு செயினைப் பாரின் மேல் இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் இன்ஜினின் பாதிப் பலம் அங்கேயே போகிறது.

செயின் ரொம்ப இறுக்கமா என்று முதலில் பாருங்கள். அடுத்தது பாரின் காடி. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களிம்பாக அடைத்திருக்கும், மெல்லிய தகட்டால் வழித்து எடுங்கள். ஆயில் வரும் சின்னத் துவாரத்தையும் கம்பியால் குத்திவிடுங்கள். காடியின் விளிம்பில் பிசிர் எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் ராவுங்கள். விளிம்பு ஒரு இடத்தில் நெருங்கிச் செயினைப் பிடித்தால் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கையில் தடை தெரியும். பாரின் மூக்கில் இருக்கும் சக்கரத்தையும் தனியாகச் சுற்றிப் பாருங்கள்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பைக்கில் இறக்கிய கழிவு ஆயிலைப் பாருக்கு ஊற்றுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதில் இரும்புத் துகளும் கரியும் இருக்கிறது, ஒட்டும் தன்மை இல்லை, செயின் சுற்றும் வேகத்தில் வீசிப் போய்விடும். ஓடும்போது பாரின் மூக்கைக் காய்ந்த கட்டைப் பக்கமாகக் காட்டி ரேஸ் பண்ணினால் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் செயின் வறண்டு ஓடுகிறது.

செயினைக் கழற்றிய பிறகும் டிரம் இறுக்கமாகச் சுற்றினால் பிரேக் பட்டை உரசுகிறது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பிரேக் விடுவித்த பிறகும் பட்டை முழுசாக விலகாமல், தூள் அடைத்து, டிரம்மைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். டிரம் சூடேறும், அந்தச் சூடு கிளட்ச் ஸ்பிரிங்கைத் தளர்த்தும். கவரைத் திறந்து தூளை ஊதித் தள்ளுங்கள். பிரேக் போட்ட நிலையிலேயே முழு ரேஸ் கொடுப்பவர்களும் உண்டு. கிளட்ச் நீலம் பாரிக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

பல்சக்கரமும் செயினும் ஒரே பிட்ச்சா என்று பாருங்கள். .325 சக்கரத்தில் கடைக்காரர் 3/8 செயினைக் கொடுத்துவிட்டால், ஏறி உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் முட்டும்.

இன்ஜின்

செயினும் பாரும் சரி, இன்னும் திணறுகிறது என்றால் இப்போது இன்ஜினுக்கு வாருங்கள். முதல் கேள்வி: ரேஸ் கொடுத்தவுடனே அமுங்குகிறதா, மரத்தில் வைத்த பிறகு அமுங்குகிறதா? கொடுத்தவுடனே என்றால் கார்புரேட்டரில் ஸ்லோ பக்கம், அதாவது எல் ஸ்குரூ. வெறுமனே நன்றாகக் கத்தி, மரத்தில் வைத்ததும் அமுங்கினால் முழு ரேஸுக்குப் பெட்ரோல் அளவு வைக்கும் ஹெச் ஸ்குரூ, இல்லை பெட்ரோல் வரத்து, இல்லை புகை போகிற வழி.

ஸ்குரூவைத் தொடும் முன் சுலபமானவற்றை முடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீமைக்கருவேலந்தூள் நயமானது, வலைக்குள் போய் அப்பிக்கொள்ளும், தட்டினால் போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பெட்ரோல் டேங்குக்குள் கொக்கிக் கம்பி விட்டு ஃபில்டரை வெளியே எடுங்கள். கருத்து, கெட்டியாக இருந்தால் மாற்றுங்கள், கழுவுவது வீண் வேலை. டியூபை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரமும் அதில் சீக்கிரம் விறைத்துப்போகின்றன. சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, அதுவாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

பத்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் திணற ஆரம்பிக்கிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, மூடியதும் மெஷின் பழையபடி ஓடினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. மூடி திறந்தும் மாற்றம் இல்லை, ஆறவைத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் மீது சந்தேகப்படலாம்.

சைலன்சரைக் கழற்றுங்கள். உள்ளே அல்லது வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். பெட்ரோலில் ஆயிலை அதிகம் கலப்பவர்களின் மெஷினில் அது கரியால் முழுக்க அடைந்து கிடக்கும். புகை வெளியே போக வழி இல்லாவிட்டால் எந்த இன்ஜினும் இழுக்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரின் புகைத் துவாரத்திலும் கரி இருந்தால் பிஸ்டனை மேலே கொண்டுவந்து துவாரத்தை மூடிக்கொண்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம்.

சைலன்சர் கழன்றிருக்கும்போதே துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவர் மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால் ஆயில் பற்றாமல் ஓடியிருக்கிறது, சிலிண்டர் வேலை வந்துவிட்டது. அமுக்கம் பார்க்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு வழி: ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். விக்கி விக்கி இறங்கினால் அமுக்கம் இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் போய்விட்டது. சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்கென்று கயிற்றில் ஸ்பிரிங் வைத்த மெஷின்களுக்கு இது பொருந்தாது.

ஆயில் கலப்பில் கைப்பழக்கம் வேண்டாம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். சீன மெஷின்களுக்குப் பெரும்பாலும் 25:1 என்று இருக்கும். டப்பாவில் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி என்று தரம் போட்ட டூடி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில், வாங்குங்கள். “கொஞ்சம் கூட ஊத்துனா நல்லதுதானே” என்று ஊற்றுகிற அந்தக் கொஞ்சம்தான் சைலன்சர் வலையில் போய் உட்காருகிறது.

இனி ஸ்குரூ. எல், ஹெச் ரெண்டையும் மெதுவாக, முட்டும்வரை மட்டும் உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒரு சுற்று வெளியே எடுங்கள். முட்டிய பிறகும் முறுக்கினால் ஊசிமுனை போய்விடும். இன்ஜினைச் சூடாக்கி, ஸ்லோவைச் சரிசெய்து, எல்-ஐ ரேஸ் தயங்காமல் ஏறும் இடத்தில் வையுங்கள். ஹெச்-ஐக் காதால்தான் வைக்க வேண்டும். வெறுமனே முழு ரேஸ் கொடுத்தால் சுத்தமான கீச்சுக் குரலாக இல்லாமல் சற்றுக் கரகரத்து, விட்டு விட்டுக் கேட்க வேண்டும். கட்டையில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்க் குரல் தெளிய வேண்டும். மரத்தில் வைத்த பிறகும் கரகரத்துப் புகை தள்ளினால் பெட்ரோல் அதிகம், ஹெச்-ஐக் கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற அளவு உள்ளே விடுங்கள். வெறுமனே சீறி, மரத்தில் வைத்ததும் செத்தால் பெட்ரோல் குறைவு, வெளியே எடுங்கள். இந்த ரெண்டாவது நிலையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது, குறைந்தால் பிஸ்டன் பிடித்துவிடும். முழு ரேஸையும் சில நொடிக்கு மேல் வெறுமனே வைக்காதீர்கள்.

ஸ்குரூவை எப்படித் திருப்பினாலும் மாற்றம் இல்லை என்றால் கார்புரேட்டர் டயாஃப்ரத்தைப் பாருங்கள். மெத்தென்று வளைய வேண்டும். விரலால் அமுக்கும்போது சடசடத்தால் முடிந்தது, கார்புரேட்டர் கிட் வாங்கிப் போடுங்கள். பிரிக்கும்போதே ஒவ்வொரு அடுக்கையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் இடம் மாறினால் வேலை செய்யாது.

மலைக்கு மெஷின் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொன்று. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசு. இங்கே சரியாக வைத்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகம் கொடுத்துத் திணறும். ஹெச்-ஐச் சற்று உள்ளே விட்டால் சரியாகும், ஆனால் பலம் எப்படியும் குறைந்துதான் இருக்கும். கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் செலவு.

அப்புறம்தான் கிளட்ச்

இத்தனைக்குப் பிறகும் பச்சைக் கிளையிலேயே வழுக்கினால் திறந்துவிடலாம். கவரைக் கழற்றும் முன் பிரேக்கை விடுவியுங்கள். 58 சிசி மெஷின்களில் பிரேக் பட்டை கவருக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் போட்டபடி கழற்றினால் பட்டை சுருங்கிக்கொண்டு, திரும்ப மாட்டும்போது டிரம்மின் மேல் ஏறாது. கவர் இல்லாமல் மெஷினை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சீன மெஷின்களில் கிளட்ச் வெளியே, டிரம் அதற்குப் பின்னால். ஸ்டில் மெஷின்களில் டிரம் வெளியே இருக்கும். சின்ன லாக்கை நெம்பினால் டிரம் கையோடு வந்துவிடும், கிளட்ச் உள்ளே தெரியும். எதுவானாலும் கிளட்ச் இடதுமரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இறுகிக்கொண்டே போகும்.

கிளட்சைத் திருப்பும்போது இன்ஜினும் சேர்ந்து சுற்றாமல் நிறுத்த வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு பழைய ஸ்டார்ட்டர் கயிற்றின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, முடிச்சு வெளியே நிற்க, மற்றதைப் பிளக் துவாரம் வழியாக உள்ளே சுருட்டி விடுங்கள். பிஸ்டன் மேலே ஏறி, புகைத் துவாரத்தைக் கடந்த பிறகு கயிற்றை விட வேண்டும். முன்னாடியே விட்டால் கயிறு துவாரத்தில் மாட்டி நறுங்கும். ஸ்குரூ டிரைவரைச் சொருகி நிறுத்துவது கூடாது, அலுமினியப் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

கையில் வந்ததை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டிரம்மின் உள்சுவர் சாம்பல் நிறமாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. நீலமும் செம்பு நிறமும் வளையமாக ஓடியிருந்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஷூவின் முகம் கண்ணாடியாய்ப் பளபளத்தால் அது பிடிக்காது. பளபளப்பு மட்டும்தான், கனம் இருக்கிறது என்றால் எமரித் தாளில் குறுக்காக லேசாகத் தேய்த்தால் போதும். ரெண்டு ஷூவும் சமமாகத் தேயாமல் ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் முழுசாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே இடைவெளி விழுந்திருந்தால் அதுவும் போய்விட்டது. தளர்ந்த ஸ்பிரிங்கால் வழுக்காது, ஆனால் ஸ்லோவிலேயே செயின் ஓடும், அது கைகாலுக்கு ஆபத்து. ஸ்பிரிங்கை ஒன்று மட்டும் மாற்றாமல் செட்டாகவே போடுங்கள்.

உள்ளே எல்லாம் ஆயிலில் நனைந்து பளபளக்கிறதா? அப்படியானால் ஷூவைக் குறை சொல்லிப் பயனில்லை. பம்ப்பிலிருந்தோ அதன் டியூபிலிருந்தோ பார் ஆயில் கசிந்து கிளட்சுக்குப் போகிறது. கசிவை நிறுத்தி, ஷூவையும் டிரம்மையும் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போட்டாலே பிடித்துக்கொள்ளும்.

பல்சக்கரத்தில் செயின் தேய்த்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் டிரம்மை மாற்றுங்கள். ஊசி பேரிங்கைக் கழுவி, விரல் நுனியளவு கிரீஸ் வையுங்கள். அதிகம் வைத்தால் அது உருகி ஷூவுக்குப் போகும். அதன் பின்னால் ஆயில் பம்ப்பைச் சுற்றும் பிளாஸ்டிக் கியர் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் தீய்ந்த மெஷினில் இது பெரும்பாலும் சேர்ந்து போயிருக்கும். இதை விட்டுவிட்டால் பாருக்கு ஆயில் வராது. வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில், கிளட்சில் ‘ஆஃப்’ என்ற எழுத்தும் அம்புக்குறியும் உள்ள பக்கம் வெளியே தெரிய மாட்டி, எதிர்த்திசையில் இறுக்குங்கள். ஓட ஓட அது இன்னும் இறுகிக்கொள்ளும். கயிற்றை வெளியே எடுத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் வைத்துப் பாருங்கள், செயின் அசையக் கூடாது. அசைந்தால் ஸ்லோ ஸ்குரூவைக் குறையுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங் சரியாக மாட்டவில்லை.

அறுக்கும்போது

மரத்தில் வைக்கும் முன்பே முழு ரேஸ் கொடுத்துவிட வேண்டும், வெட்டை விட்டு வெளியே எடுத்த பிறகுதான் விட வேண்டும். பாவம், மெஷின் கத்துகிறதே என்று பாதி ரேஸில் அறுப்பவர்கள்தான் அதிகம் கிளட்ச் வாங்குகிறார்கள். சத்தம் இறங்குவது தெரிந்தால் ரேஸை அமுக்கிப் பிடித்தபடி மெஷினை லேசாகத் தூக்கி, வேகம் ஏறிய பின் மறுபடி இறக்குங்கள். கட்டை நெருக்கிப் பாரைக் கவ்விக்கொண்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு ஆப்பு அடித்துப் பிரியுங்கள். மாட்டிய செயினை ரேஸ் பண்ணிப் பிடுங்கலாம் என்று நினைத்தால், சில நொடியில் வாடை வந்துவிடும்.

58 சிசியில் 22 அங்குலப் பார் என்பது கடைக்காரர் காட்டும் கவர்ச்சி. பார் முழுக்க வைரக் கட்டைக்குள் புதைந்தால் அத்தனை பல்லையும் இழுக்க அந்த இன்ஜினுக்குத் தெம்பு இல்லை. 18 அங்குலப் பாரும் அதற்கான செயினும் போட்டுக்கொண்டு, பெரிய கட்டையை ரெண்டு பக்கமிருந்தும் அறுங்கள். தினமும் புளியந்தூர்தான் தொழில் என்றால் 70 சிசிக்கு மேல் உள்ள மெஷினுக்குப் போவதே கணக்குக்குச் சரிவரும். விறகுக்கும் வேலிக்கும் மட்டும் என்றால் இருக்கிற 58 போதும், செயினுக்கு அரம் மட்டும் தவறாமல் போடுங்கள்.